காக்கை தொடாத ஈரல்

காக்கை அந்த ஈரலைத் தின்னவில்லை. தின்றது என்று நான் சொன்னேன். அதனால் என் தங்கையின் பிள்ளை செத்துப்போனது.

இவ்வளவுதான்! இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன் நான். எவ்வளவு பெரிய சுமையையும் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கிவிட்டு, கீழே நிற்பவனிடம் சிரித்துக்கொண்டே வெற்றிலை கேட்பேன். இந்தச் சின்ன வாக்கியங்களைத்தான் தூக்க முடியவில்லை.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. பார்த்தால் சிரிப்பீர்கள். கல்யாண வீடோ சாவு வீடோ, நான் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவர் முன்னெச்சரிக்கையாக வாயைப் பொத்திக்கொள்வார். என் தொழில் வின்ச் ஓட்டுவது. பிழைப்பு என்னவோ கோமாளித்தனம். கோமாளிக்கு ஒரு வசதி உண்டு... அவன் நடுங்கினாலும் ஊர் அதை நடிப்பு என்றே நினைக்கும்.

எங்கள் கடற்கரையில் ஆமைக்கறி தின்னாத வீடு குறைவு. பேராமை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடுப்பில் ஏற்றலாம். அழுங்காமை அப்படியில்லை. அதன் ஓடு அழகு. சீப்பு செய்வார்கள், டப்பா செய்வார்கள். கறியை மட்டும் நம்ப முடியாது. ஒன்று தேனாக இருக்கும், இன்னொன்று ஆளைக் கொல்லும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும்.

ஆகவே எங்களிடம் ஒரு வழக்கம். அறுத்ததும் ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் காக்கைக்கு எறிவார்கள். காக்கை தின்றால் சமைக்கலாம். கொத்திப் பார்த்து விலகினால் மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், நாய்க்குக்கூடப் போடக்கூடாது. எத்தனை வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டியும் அந்தத் தீர்ப்பை மீறியதில்லை.

நான் மீறினேன்.

என் தங்கை பிலோமிக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பிள்ளை மிக்கேல். ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தகப்பன். விருந்துக்குக் கறி என் பொறுப்பு. ஆடு வாங்கியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "பேராமைக்கறி போடுதேன்! ஊரே ஏப்பம் விட்டுக்கிட்டு அலையணும்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன்.

கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் கம்பு நட்டு அடைத்த ஒரு பட்டி உண்டு. உயிரோடு பிடித்த பேராமைகளை அதில்தான் போட்டு வைப்பார்கள். அன்று பட்டியில் கிடந்ததெல்லாம் ஒரு வியாபாரிக்குப் பேசி முடித்தவை. ஆமை பிடிக்கக்கூடாது என்று சட்டம் வருகிறது, வந்தேவிட்டது என்று துறைமுகத்தில் ஒரே பேச்சு. அதனால் யாரும் ஒன்றைக்கூட விட்டுத்தர மாட்டேன் என்றார்கள். தங்கையின் புருஷன் சூசை தன் வள்ளத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனான்.

வலையில் அழுங்காமை கிடந்தது.

சூசை அதன் மூக்கைப் பார்த்தான். கிளியின் மூக்குப்போல வளைந்திருந்தது. "அழுங்குலா மச்சான். விட்டிருவமா?"

"விட்டுட்டு? நாளைக்கு இலையில ஒன் வலையவா அவிச்சு வைக்க?"

வள்ளத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சூசையும் சிரித்தான். ஒரு சிரிப்புக்காக அந்த ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்தேன் என்று நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. சூசை வீட்டுப் பின்பக்கம் ஆமையை மல்லாக்கப் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கத்தினான்: "ஞானத்தகப்பனே அறுக்கட்டும்லே! சும்மா திங்கதுக்கு மட்டும் வாரான்!"

அதுவரை நான் ஒரு ஆமையைக்கூட அறுத்ததில்லை. கணக்கில்லாமல் தின்றிருக்கிறேன்... அறுத்ததில்லை. பயத்தை மறைக்க, ஆமைக்கு முன்னால் குனிந்து, "அண்ணாச்சி, சட்டைப் பட்டனக் கழத்துங்க" என்றேன். பெருஞ்சிரிப்பு!

அடிவயிற்று ஓட்டின் ஓரத்தில், மென்மையான இடம் பார்த்துக் கத்தியை இறக்க வேண்டும். நான் எலும்பில் இறக்கினேன். கத்தி வழுக்கி என் கட்டைவிரலைப் பிளந்தது. ஆமை முன்துடுப்பால் என் முழங்கையில் அறைந்தது, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவன்போல. எனக்கு வெறி வந்தது. பயந்தவனுக்கு வருமே, அந்த வெறி! அரிவாளை எடுத்தேன். வெட்டினேன், வெட்டினேன்... எங்கே வெட்டுகிறேன் என்று பார்க்கவேயில்லை. கழுத்தில் பாதி, துடுப்பில் பாதி. முகமெல்லாம் ரத்தம். என் ரத்தம் எது, அதன் ரத்தம் எது என்று தெரியவில்லை. அது ஒருமுறை மூச்சு விட்டது. நீளமான, களைத்துப்போன மூச்சு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்காருகிற மனிதன் விடுகிற மூச்சு!

"கொல்லுதியா, கொத்துக்கறி போடுதியா?" என்று சூசை அரிவாளைப் பிடுங்கி மீதியை ஒழுங்காக முடித்தான். ஓட்டைப் பிளந்து எடுத்தபோது இதயம் தனியே தாம்பாளத்தில் துடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் துடித்தது. பெண்கள் வெங்காயம் உரித்து முடிக்கும்வரை...

இதற்கெல்லாம் என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. சிரிக்காதீர்கள். சாத்தான்குளத்திலிருந்து வேலைக்கு வரும் சகா ஒருவன், சைவம், என்னிடம் கேட்பான்: "வாயில்லாச் சீவனை இப்படிக் கொல்லுதியளே, மனசு ஒப்புதா?" நான் சொல்வேன்: "விளையாட்டுக்கா கொல்லுதோம்? வயித்துக்குல்லா! தின்னாச்சுன்னா அது கொலை இல்ல, சாப்பாடு." அதைச் சொல்லும்போது எனக்கே என் மேல் மரியாதை வரும்.

ஈரல் துண்டை எடுத்துக்கொண்டு சுவருக்கு வெளியே மணலுக்குப் போனேன். எறிந்தேன்.

ஒரு காக்கை இறங்கியது. தத்தித் தத்தி வந்தது. கொத்தியது. அலகை மணலில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

இன்னொன்று வந்தது. அது கொத்தக்கூட இல்லை. தலையைச் சாய்த்து ஈரலைப் பார்த்தது; பிறகு என்னைப் பார்த்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கெஞ்சினேன்! நாற்பது தாண்டிய மனிதன், பட்டுச் சட்டையில் ரத்தத்தோடு, மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு காக்கையிடம், "ஒரே ஒரு வாய் அண்ணாச்சி, எனக்காக" என்று கெஞ்சினேன். துண்டை எடுத்து மணல் தட்டிவிட்டுத் திரும்பவும் வைத்தேன். காக்கை பறந்துபோய்ச் சுவரில் உட்கார்ந்துகொண்டது. என் வாழ்க்கையில் என்னைப் பார்த்துச் சிரிக்காதது அது ஒன்றுதான்.

உள்ளிருந்து சூசையின் குரல்: "மச்சான்! காக்கா எடுத்துட்டாலே?"

அந்தக் கணத்தில் என் தலைக்குள் என்னென்ன ஓடியது... கொதிக்கிற உலை. பந்தலில் உட்கார்ந்திருக்கிற சனம். 'பேராமைன்னான், அழுங்கக் கொண்டாந்தான், அதையும் மண்ணுல புதைச்சான்' என்று வருடக்கணக்கில் ஓடப்போகும் கேலி. எல்லாரையும் கேலி செய்து வாழ்ந்தவனுக்குத் தன்னைக் கேலி செய்வார்கள் என்பது மரண பயம்!

இன்னொன்றும் ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் புதைத்துவிட்டால், நான் சற்றுமுன் செய்ததற்குப் பெயர் என்ன? யாரும் தின்னாவிட்டால் அது சாப்பாடு இல்லையே... அந்தக் கழுத்து, அந்த மூச்சு, அந்தத் தாம்பாளம் எல்லாம் வெறும் கொலைதானே? யாராவது தின்றாக வேண்டும். தின்றால்தான் நான் யோக்கியன்.

காலால் மணலைத் தள்ளி ஈரலை மூடினேன்.

"எடுத்துட்டு! எச்சிகூட வைக்கல்ல!" என்று கத்தினேன்.

நான் தின்றேனா? கேளுங்கள், நியாயமான கேள்வி. ஒரு துண்டை எல்லார் முன்னாலும் வாயில் போட்டேன். கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல அதற்குள் துப்பினேன். ஒரு சொட்டுச் சாறுகூட உள்ளே போகவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது! தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் தப்பிக்க அந்தக் கைக்குட்டை விடாது.

பிலோமிக்குப் பெண்கள் அள்ளி அள்ளி வைத்தார்கள். "தின்னுளா, பிள்ளைக்குப் பால் ஊறும்." அவள் இலையைத் தட்டிவிட எனக்கு ஒரு கை போதும். ஒரு கெட்ட வார்த்தை போதும். தடுக்கி விழுவதுபோல நடித்திருக்கலாம். நான் நடித்தால் நம்புகிற ஊர் அது. நான் சொன்னதோ, "ஏளா, பாத்து! ஆமை உன்னத் தின்னுறப் போவுது." அவளுக்குச் சிரிப்பில் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு மீண்டும் தின்றாள்.

மறுநாள் காலை வீட்டுக்கு வீடு வாந்தி. நாக்கு நெருப்பாக எரிகிறது என்றார்கள். வாயெல்லாம் வெந்து புண்ணாகி, தண்ணீர் இறங்காமல் கிடந்தார்கள். சூசையை நான்தான் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினேன். "நீ எப்படி மச்சான் தப்பிச்ச?" என்று கேட்டான், வாய் வீங்கி, சொல் குழறி. "நான் குடிச்ச கள்ளச் சாராயத்துக்கு இந்த விசம் எம்மாத்திரம்" என்றேன். அந்த நிலைமையிலும் அவன் சிரித்தான். சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது.

தின்றவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகத் தேறினார்கள்.

மிக்கேல் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. அவன் தின்கிற வயதா அது? தாய்ப்பால் மட்டும்தான் குடித்தான். முதலில் அழுதான். பிறகு அழவில்லை. பிறகு கண்ணைத் திறக்கவில்லை. அம்மா குடித்தது, தின்றது எல்லாம் பாலில் இறங்கும் என்று டாக்டர் சொன்னபோது பிலோமி தன் மார்பை இரு கையாலும் பொத்திக்கொண்டு அறையின் மூலைக்குப் போனாள். யாரோ தன்னைப் பிடிக்க வருவதுபோல...

பெட்டியை நான்தான் சுமந்தேன். ஞானத்தகப்பன் அல்லவா? வின்ச் தேவைப்படவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒருவன் கத்தினான்: "ஒரு ஆமைய விடக்கூடாதுலே!" அவ்வளவுதான். துடுப்பும் கோடாலியுமாகக் கூட்டம் பட்டிக்குள் இறங்கியது. முன்னால் ஓடியவன் யார்? நான்! என்னைவிட ஆத்திரமாக அன்று அடித்தவன் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, வியாபாரி இன்னும் ஏற்றிப்போகாத பேராமைகளை மண்டையில் அடித்தேன். ஓடுகள் பிளந்தன. ஒன்று தண்ணீருக்குள் போய்த் தலையைத் தூக்கி மூச்செடுக்க வந்தது, காத்திருந்து அடித்தேன். கடல் சிவந்து, நுரை சிவந்து, எங்கள் வேட்டி சிவந்தது. பேராமைகள்... ஒரு குற்றமும் அறியாதவை. அவற்றில் ஒரு துண்டையும் யாரும் சமைக்கவில்லை. அப்படியே அழுகவிட்டார்கள்.

வயித்துக்குக் கொல்கிறோம் என்று பேசியவன் வாயால் அன்று என்ன சொல்வது? சைவக்காரச் சகா அதன்பிறகு என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கரை ஒதுங்கிய கறியில் காக்கைகள் கூட்டமாக விழுந்து, சண்டை போட்டுத் தின்றன. ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எளவெடுத்த காக்கா, அண்ணைக்கு எதுக்குத் தின்னு நம்மள ஏமாத்திச்சு?" என்றான் சூசை. காக்கை பொய் சொல்லிவிட்டது என்பதே ஊரின் முடிவு. நான் கல் எடுத்துக் காக்கையின் மேல் எறிந்தேன். ஆமோதிப்பதற்காக.

பாவசங்கீர்த்தனத்துக்கு மாதாமாதம் போகிறேன். சாமியாரிடம் சாராயத்தைச் சொல்வேன், பொய்யைச் சொல்வேன். என்ன பொய் என்று அவர் கேட்பதில்லை. அவர் கேட்க மாட்டார் என்று தெரிந்தே சொல்கிறேன். ஆறு வருடமாகப் பாவமன்னிப்பையும் திருடுகிறவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

சரி, ஏன் இப்போது எழுதுகிறேன்?

சென்ற மாதம் பிலோமிக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அடுப்படியில் பால்பவுடர் டப்பா. பிலோமி பிள்ளையை மடியில் போட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"பீச்சிக் கீழ ஊத்துதேன் அண்ணே. பாலு கட்டிப்போய்க் காய்ச்சல் அடிக்கி" என்றாள்.

"டாக்டரம்மா குடுக்கலாம்னு சொல்லலியா?"

"சொன்னாவ. அவியளுக்கு என்ன தெரியும்? தின்ன அம்புட்டுப் பேரும் பொழச்சிட்டாவ. தின்னாத பிள்ள போயிட்டு. அப்ப கறியா கொன்னுச்சு? காக்காவே தின்ன கறி. எம்பாலுதான்..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு அண்ணே. நீ குடுன்னா குடுக்கேன். வேற யாரு சொன்னாலும் பயமா இருக்கு."

காக்கை தின்னவில்லை, ஏளா! அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. உன் பாலில் ஒன்றுமில்லை, என் வாயில்தான் இருந்தது விஷம்... வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். தொண்டை வரை வந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தது.

"டப்பாப் பால் குடிச்சா நல்லதுதாம்ளா. பிள்ள இங்கிலீசுல அழும்" என்றேன்.

பிலோமி சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முந்தானையை இழுத்து நனைந்த ரவிக்கையை மூடிக்கொண்டு, பால்புட்டியை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கிக் குலுக்கினேன்.