கேட்டுவிட்டுத்தான் போடுவார்

என் தங்கை கல்யாணத்துக்குப் பெரம்பலூரிலிருந்து வந்த போட்டோகிராபர், இரண்டு வருடம் மூடி வைத்திருந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தை அப்போதுதான் மறுபடி திறந்திருந்தார். இந்தத் தடவை ஒரே நிபந்தனை: படத்தில் இருக்கிற எல்லோரிடமும் பிரிண்டைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் போடுவார்.

மாதம் ஒன்றாகியும் தங்கை பந்தியில் சிரிக்கிற படம் அந்தப் பக்கத்தில் வரவில்லை. போனில் கத்தினேன்.

"பின்னாடி எலை எடுக்குற அம்மாவுக்கு ஊரு விக்கிரமங்கலங்க. ரெண்டு தடவ போயும் ஆளு இல்லைங்க."

"அவங்கள யாருங்க பாக்கப் போறா?"

"அவங்க பாப்பாங்கல்ல?"

மறுவாரம் வீட்டுக்கே வந்து இன்னொரு படத்தை நீட்டினார். அதில் அந்த அம்மாவை விரல் நீட்டித் திட்டிக்கொண்டிருந்தேன் நான்.

"அவங்க சரின்னுட்டாங்க. நீங்க சொன்னா போட்டுடலாங்க."

"வேண்டாம்" என்றேன்.

"சரிங்க" என்று பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கலாம்.