டூல் பாக்ஸா, நெரிடாவா?

வார்விக் டேலி எங்கள் ஊரில் முப்பது வருடம் கறிக்கடை வைத்திருந்தவன். ஆட்டைப் பார்த்தாலே எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவான். கடையை விற்ற மறுவாரமே அவன் கொட்டகையில் பெரிய பெரிய பெட்டிகள் வந்து இறங்கின. வீட்டிலேயே செய்துகொள்ளும், இரண்டு பேர் போகிற விமானத்தின் பாகங்கள். கண்ணாடி இழைத் துணியைப் பசையில் தோய்த்து ஒட்டுவான், காய்ந்ததும் தேய்ப்பான், மறுபடி ஒட்டுவான். வருடக்கணக்கில் ஆள் வெள்ளைத் தூசியாகவே நடமாடினான். சாண்ட்விச்சில்கூடத் தூசி என்று அவன் மனைவி நெரிடா திட்டாத நாள் கிடையாது. இறக்கை மாட்டும்போது மறுமுனையைப் பிடித்தவளும் அவள்தான்.

எல்லாம் கடற்கரையில் இருக்கிற பேத்திக்காக. காரில் போனால் ஒரு பகல் போய்விடும், நெரிடாவின் முதுகும் போய்விடும். "பறந்து போய் மதியச் சாப்பாட்டுக்கு அங்க இறக்கி விடறேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

முதலில் தனியாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஓட்டினான். நானும் ஒரு விமானம் வைத்திருக்கிறேன்; துணி போர்த்திய அந்தப் பழசைத் தாண்டிப் போய், நான் வந்து சேர்வதற்குள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருப்பான். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

நெரிடா ஏறப்போகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் விமான கிளப்பே கூடியிருந்தது. அடுப்பில் சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. வார்விக் என்னை ஓரமாக இழுத்துப்போனான்.

"எடைக் கணக்குப் போடணும்டா. அவ எவ்வளவுன்னு நீ கேளேன்."

"பாத்தாலே சொல்ற ஆளாச்சே நீ?"

"சொல்லிட்டு ராத்திரி எங்க போய்ப் படுக்கறது?"

நெரிடாவுக்குப் பாம்புக் காது. விமானத்தை எடைபோட்ட தராசு ஒன்று மூலையில் கிடந்தது. நேராகப் போய் அதன்மேல் ஏறி நின்றாள். "சத்தமாப் படி. நான் என்ன ஒளிச்சா வெச்சிருக்கேன்?"

பெட்ரோல், அவன், அவள், பின்னால் இருந்த சாமான், எல்லாம் கூட்டினால் விமானம் தாங்குவதைவிட ஒன்பது கிலோ அதிகம்.

"தொப்பைய எறக்கி வெச்சிட்டுப் போடா!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தோம். நெரிடா சிரிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கனமான இரும்பு டூல் பாக்ஸ்.

"இது எதுக்கு?"

"சும்மா... போற வழியில ஏதாவது கழண்டுட்டா?"

"கழண்டுடும்னு நெனைக்கிறியா?"

அவன் குனிந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான்.

"எறக்கையோட அந்தப் பக்கத்த நான்தான் புடிச்சேன், வார்விக். எனக்குப் பயமில்ல. உனக்கு இருந்தா இப்பவே சொல்லு, நான் கார்லயே போயிடறேன்."

சாசேஜ் கருகியது. திருப்பிப்போட யாருக்கும் தோன்றவில்லை. வார்விக் இறக்கையை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தான். என் தோள்பட்டை இறங்கிப்போனது.

மதியம் போன் வந்தது. "வந்துட்டோம்டா. ஒரு திருகுகூடக் கழலல." அவன் குரல் தழுதழுத்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து நெரிடா கத்தினாள்:

"அந்தப் பொட்டிய வித்துடச் சொல்லு!"