மாமாவின் எட்டாவது மரணம்

எனக்கு ஒன்பது வயதாவதற்குள் என் மாமா ஏழு தடவை செத்திருந்தார். இரண்டு தடவை சுடப்பட்டு, ஒரு தடவை ஏரியில் மூழ்கி, ஒரு தடவை பேருந்து கவிழ்ந்து. மற்ற மூன்றிலும் கதை தொடங்கும்போதே பிணமாகக் கிடந்தார். கனடாவில் நடிகர் என்றால் சும்மாவா?

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. டொரொண்டோவில் எஞ்சினியருக்குப் படித்துக்கொண்டிருந்தவர், இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு மேடை ஏறிவிட்டார். முதலில் தமிழ் நாடகங்களில் அரசன். பிறகு ஆங்கில நாடகங்களில் அரசனுக்குப் பின்னால் ஈட்டியோடு நிற்பவன். அதற்குப் பிறகு திரையில் டாக்சிக்காரன், கடைக்காரன், ‘டாக்டர் வருகிறார்’ என்று சொல்லிவிட்டுப் போகிற இன்னொரு டாக்டர். ஒரு கார்ட்டூன் முயலுக்குக் குரல் கொடுத்தார். ஒரு பற்பசை விளம்பரத்தில் அவருடைய பற்கள் மட்டும் வந்தன.

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் வீட்டில் இதையெல்லாம் பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. அப்பா படத்தைப் போட்டு, மாமா வருகிற இடத்தில் அப்படியே நிறுத்திவைப்பார். நாங்கள் இருவரும் மாமாவை ஆற அமரப் பார்ப்போம். அம்மா பார்க்கமாட்டார். தம்பி படிப்பை விட்ட நாளிலிருந்து ஆறு வருடமாக அவரோடு ஒரு சொல் கதைத்ததில்லை. ஆனால் சரியாக மாமா வருகிற நேரம் பார்த்து அம்மாவுக்குக் குசினியிலிருந்து ஹோலுக்கு வர ஏதாவது அலுவல் இருக்கும். கையில் அகப்பையோடு வந்து நிற்பார். மாமா செத்ததும் திரும்பிப் போய்விடுவார்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் போனுக்கு எடுத்து என்னோடு கதைப்பார். கடைசியில், “அம்மா சுகமோ?” என்று கேட்பார். “ஓம்” என்பேன். அவ்வளவுதான் அக்கா தம்பி உறவு.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசல் முழுக்கச் சப்பாத்துகள். அத்தனை சப்பாத்துகளை நான் என் பிறந்தநாளில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே குதித்துக்கொண்டு உள்ளே போனேன். நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கிலிருந்தும் லில்லெஸ்ட்ரோமிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். அம்மா வேலைக்குப் போன உடுப்போடு தரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து பிளாக் அன்ரி சோறும் மரக்கறியும் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்.

ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஒரு போன் போய்க்கொண்டிருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். சட்டம் போட்ட மாமாவின் படம். நெற்றியில் சந்தனப் பொட்டு, படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு. அன்று காலை யாரோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டது. அதோடு ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. மாலை போட்ட படத்துக்கு எங்கள் சனத்திடம் விளக்கம் சொல்லவேண்டுமா? கும்பிட்ட கைகள் வரிசையாக வந்திருந்தன. பிறகு ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’.

எனக்குக் கவலையே வரவில்லை. ஏழு தடவை செத்தவர் ஏழு தடவையும் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தவர்.

“மாமா நடிக்கிறார்,” என்றேன்.

அன்ரி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். “பாவம், பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

“ஆறு வரிசமாய் அவனோடை கதைக்கேல்லையே,” என்று அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அழுவதென்றால் மாமா செத்ததற்கல்லவா அழவேண்டும், கதைக்காததற்கு ஏன் அழுகிறார் என்று நினைத்தேன்.

பெரியவர்கள் லண்டனுக்கு எடுத்தார்கள், பாரிஸுக்கு எடுத்தார்கள், யாழ்ப்பாணத்துக்கு எடுத்தார்கள். ஒருவர் மாரடைப்பு என்றார். இன்னொருவர் கார் விபத்து என்று அடித்துச் சொன்னார். மாமாவின் நம்பருக்கு எடுக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. செத்த மனிசனுக்கு யார் போன் எடுப்பார்கள்?

நான் எடுத்தேன். அது என்ன படம் என்று தெரிந்தால் திங்கட்கிழமை வகுப்பில் சொல்லலாமே. அப்பாவின் போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனேன். முதல் இரண்டு தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை மாமா எடுத்தார்.

“என்ன மருமகள், நான் வேலையிலை நிக்கிறன்.”

“மாமா, நீங்கள் செத்துப்போனீங்களாம். வீடு நிறைய ஆக்கள்.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். “அம்மா எங்கை?”

“அழுதுகொண்டிருக்கிறா.”

“எனக்கோ?” என்று கேட்டார். அந்தக் குரலை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. “அம்மாட்டைக் குடு.”

அவர் ஒரு தொடரில் செத்துப்போன அப்பாவாக நடிக்கிறாராம். நடிப்பு என்ன, சுவரில் தொங்கும் படம்தான். எங்கள் வழக்கம் அங்கே யாருக்கும் தெரியாததால் மாமாவே தன் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கும் ஏற்றி, அழகு பார்த்து, லண்டனில் இருந்த பெரியம்மாவின் மகனுக்குப் பகிடிக்காக அனுப்பியிருக்கிறார். அவர் அதை அப்படியே எல்லோருக்கும் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அம்மா போனைக் காதில் வைத்தார். “அக்கா,” என்ற சத்தம் எனக்கே கேட்டது.

“நீ நாசமாய்...” என்று தொடங்கிய அம்மா மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். பிறகு ஆறு வருடத்துக் கணக்கும் தீருமட்டும் திட்டினார். மூக்கைச் சிந்திக்கொண்டு கடைசியாகச் சொன்னார்: “இனிமேல் சாகிற வேஷம் ஒண்டும் எடுக்கக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு.”

மாமா சத்தியம் பண்ணினார். வந்தவர்கள் செத்தவீட்டுச் சோற்றைச் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு அந்தச் சத்தியம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சாகிற காட்சிகளில்தான் மாமா அதிக நேரம் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது முதலில் அம்மாதான் கதைப்பார், ஒரு மணித்தியாலம் குறையாமல். என் முறை வந்ததும் மெதுவாகக் கேட்பேன்: “மாமா, அடுத்ததா எப்ப சாவீங்கள்?” அவர் சிரித்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விடுவார். பிறகு அவர் வருகிற படங்கள் குறைந்தன. பிறகு அப்பாவுக்கு நிறுத்திவைக்க ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. மாமாவுக்கு நடிப்புச் சரிவரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வகுப்பில் அவரைப் பற்றிப் பீற்றிக்கொள்வதையும் விட்டுவிட்டேன்.

போன வருடம் டொரொண்டோவுக்குப் போனேன். மாமா இப்போது மருத்துவ மாணவர்கள் பரிசோதித்துப் பழகுவதற்கு நோயாளியாக நடிக்கிறார். வயிற்றுவலி, தலைச்சுற்று, மூட்டுவலி. அவரோடு மேடையில் நடித்த நண்பர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் பழைய கதை ஒன்று சொன்னார். ஒரு பெரிய தொடரில் மாமாவுக்குப் பத்து வாரம் வருகிற வேஷம் கிடைத்ததாம். பத்தாவது வாரம் சாகவேண்டும். அந்த ஆளைக் கொல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாதா என்று மாமா கெஞ்சினாராம். அவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா எழுந்து போய்க் கோப்பை கழுவத் தொடங்கினார். நான் செல்லமாக ‘எப்ப சாவீங்கள்’ என்று கேட்ட ஞாயிறுகளில் அவர் எதைக் கைவிட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் அந்தச் சத்தியத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அப்பிடியோ சொன்னனான்?” என்றார். மறைக்கவில்லை, உண்மையாகவே அவருக்கு நினைவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் மறந்துபோனன் எண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை,” என்றார் அம்மா.