ரெங்கம்மாவிடம் எல்லாரும் கேட்ட கதை

விஜேந்திரனுக்கு வருடக்கணக்காக ஒரே ஆத்திரம். லுணுகலை டவுனிலிருந்து கதை கேட்கப் போனவர்களை எல்லாம் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போனது அவனுடைய ஓட்டோதான். டிவிக்காரர்கள், கெம்பஸ் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள் என்று யார் யாரோ வந்தார்கள். ரெங்கம்மாவை அழவைத்தார்கள், தலையை ஆட்டினார்கள், இறங்கிப் போனார்கள். திரும்பி வந்து ஒரு வார்த்தை நலம் விசாரித்த முகம் கிடையாது.

மண்சரிவில் தோட்டத்தின் கீழ் டிவிசனில் லயம் என்ற வரிசை வீடுகள் புதைந்தபோது ரெங்கம்மாவின் ஒரே மகள் நிஷாந்தினியும் உள்ளே இருந்தாள். தப்பியவர்களை மூடிக் கிடந்த தேயிலை ஸ்டோருக்குள் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச நாளைக்கு என்றார்கள். இன்னும் அங்கேதான் கிடக்கிறார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் தொங்கும் படங்குத் துணிதான் சுவர். ஒருத்தர் இருமினால் நாலு வீட்டுக் குழந்தை எழும்பும். வேறெங்கே போவது? தோட்டத்தை விட்டால் கால் வைக்கச் சொந்தமாய் ஒரு துண்டு நிலம் இல்லை.

அதனால் யார் வந்தாலும் தோட்டத் தலைவர் சின்னராசா ரெங்கம்மாவைத்தான் கூப்பிடுவார். மற்றவர்கள் சொன்னால் வந்தவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள். ரெங்கம்மா சொன்னால் கண்ணைத் துடைப்பார்கள். அழுதுவிட்டுப் போனவர்கள் எங்காவது போய்ச் சொல்வார்கள், வீடு வரும் என்று ஸ்டோர் முழுக்க அவள் வாயையே நம்பி இருந்தது. ஒருநாள் அவள் வரமாட்டேன் என்று சுருண்டு படுத்தாள். பக்கத்து விஜயலெட்சுமி படங்கைத் தூக்கி, "ஒனக்கு இனி என்னக்கா ஆகப்போகுது, எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கே" என்றாள். அதற்குப் பிறகு ரெங்கம்மா ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

கிளினிக்குக்குப் போகும் வழியில் விஜேந்திரனிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்.

"தம்பி, புள்ளைய நெனைச்சா அந்தக் கைதான் வருது. மண்ணுக்குள்ளருந்து தெரிஞ்சுச்சே, அது. மொகம் வரமாட்டேங்குது. எப்புடிச் சிரிப்பா, எதுக்குக் கத்துவா, ஒண்ணும் இல்ல. இந்தக் கதையச் சொல்லிச் சொல்லி அவளத் தொலைச்சிட்டேன்."

அவன் கியரை மாற்றினான்.

போன மாதம் பதுளையிலிருந்து இஸ்ரா என்றொரு பிள்ளை வந்தது. தோட்டங்களில் நெடுங்காலம் இருப்பவர்கள் வாழ்ந்த கதையைப் பதிவு செய்கிறதாம். விஜேந்திரன் கண்ணாடியில் முறைத்தபடியே, "மண்சரிவக் கேக்குறதா இருந்தா இப்பவே எறங்கிருங்க மிஸ்" என்றான்.

"நான் அதுக்கு வரல்ல அண்ணா. அவங்கட சின்ன வயசு, கலியாணம், புள்ள, அதுதான் எனக்கு வேணும்."

ஸ்டோர் வாசலில் சின்னராசா கதிரை போட்டுக் காத்திருந்தார். "மிஸ், இவங்கதான் நேர்ல பாத்தவங்க. அக்கா, அந்தக் கை தெரிஞ்சத மறந்துறாதீங்க, அதுதான் முக்கியம்."

இஸ்ரா அவரை நயமாகப் பேசி வெளியே அனுப்பிவிட்டு, ரெங்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்கட மகள் கொழப்படியா, குறும்பு கூடவா?"

ரெங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை பேரில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. அவள் உதடு அசைந்தது. கதவோரம் நின்ற விஜேந்திரன் ஒரு எட்டு உள்ளே வந்தான்.

"அன்னைக்கு விடியக்காலம் மழ, வேலைக்குப் பேர் பதியணும்," என்று ஆரம்பித்தாள். "நான் பெரட்டுக்குப் போயிட்டேன். லொறி கவுந்த மாதிரி சத்தம்..."

"அது வேணாம்மா. அதுக்கு முந்தி. யாரோட சண்ட புடிப்பாங்க?"

"சண்ட..." முந்தானையைப் பிசைந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். "நான் பெரட்டுக்குப் போயிட்டேன். லொறி கவுந்த மாதிரி சத்தம். ஓடியாந்து பாத்தா லயத்தக் காணோம்."

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். அழுகிற இடத்தில் அழுதாள். முடித்ததும், பழக்கத்தில், "எங்களுக்கு வீடு வேணுங்க" என்றாள். படங்குக்கு அந்தப் பக்கம் விஜயலெட்சுமி மூக்கைச் சிந்துவது கேட்டது.

இஸ்ரா பதிவை எப்போதோ நிறுத்தியிருந்தாள். "இன்னொரு நாள் வரட்டாம்மா?"

"வாங்க. எப்ப வந்தாலும் இதுதான் வரும்."

ஓட்டோவரைக்கும் ரெங்கம்மா பின்னாலேயே நடந்து வந்தாள். இஸ்ரா ஏறி உட்கார்ந்த பிறகும் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"தம்பி, ஸ்கூலுக்கு அவ ஒன் வண்டியிலதானே போனா?"

"ஆமாக்கா. ஓரத்து எடத்துக்குத் தெனம் அடிபுடி. ஒருநாள் கோவத்துல ஒரு பயலோட கால் சப்பாத்தக் கழட்டி ஆத்துல போட்டுட்டா. என்னத்த, நான்தான் எறங்கி எடுத்தேன்."

"சப்பாத்தா? எம் மகளா?"

யாரோ அயல்வீட்டுப் பிள்ளையின் சங்கதியைக் கேட்பதுபோலக் கேட்டாள். விஜேந்திரன் சாவியிலிருந்து கையை எடுத்தான். அவள் ஸ்டோரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள்.

"மிஸ்ஸ பஸ் ஏத்திட்டுத் திரும்பி வா தம்பி. தலைவருக்குத் தெரிய வேணாம், அதையும் வர்றவங்ககிட்டச் சொல்லச் சொல்லுவாரு. வண்டில அவ பேசினது, செஞ்சது எல்லாத்தையும் எனக்குச் சொல்லு. மழைக்கு முந்தின நாளோட நிப்பாட்டிரு."