சின்ன ர, பெரிய ற

என் அப்பா மயிலாப்பூரில் இருபத்தெட்டு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தார். எவரிடமும் கை நீட்டாதவர். யுத்தம் முடிந்த வருஷம் காலமானார். மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசைக்கு அழைப்பு அட்டை அச்சடிக்கும் பொறுப்பை என் சிநேகிதன் அந்தோணியிடம் ஒப்படைத்தேன். அச்சகத்தில் புரூப் திருத்துகிறவன், அப்பாவிடம் படித்தவன். அவன் பார்த்த அட்டை என்பதால் படிக்காமலே தபாலில் சேர்த்தேன்.

மிஞ்சிய அட்டை ஒன்றை மறுநாள்தான் படித்தேன். “எங்கள் தந்தையார் இரந்த முப்பதாம் நாள்” என்றிருந்தது. இறந்த அல்ல, இரந்த. என் அப்பா பிச்சை கேட்டார் என்று ஊருக்கெல்லாம் நானே அறிவித்திருக்கிறேன்!

அச்சகத்துக்கு ஓடினேன். “நீ பார்க்கவே இல்லையா அந்தோணி?”

“பாத்தேன் நைனா. அச்செல்லாம் இறுக்கிக் கட்டியாச்சி, மறுபடி அவுக்கணுமேன்னு வுட்டுட்டேன். ஒரு எயுத்துதானே? எவன் பாத்துகினு கீறான்?”

கண்ணில் படவில்லை என்றிருந்தால் மன்னித்திருப்பேன். பார்த்துவிட்டல்லவா விட்டிருக்கிறான்!

யாராவது திட்டி எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். அனுதாபக் கடிதங்கள்தான் வந்தன. அப்பாவோடு வேலை பார்த்த தமிழ் வாத்தியாரே, “தங்கள் தந்தை இரந்த செய்தி அறிந்து வருந்தினேன்” என்று எழுதியிருந்தார்.

ஆத்திரத்தோடு அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். “என் தந்தை இ” என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. சின்ன ரவா, பெரிய றவா? சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை.