மண்வாரியைப் பிடித்த ஹிசயே

உங்கள் வீட்டைக் கட்டியவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

குளிர்காலத்தில் பனி கொட்டும் யோகோதே ஊரில் நாற்பது வீடுகளைக் கட்டியவள் ஹிசயே. தச்சனான கணவன் சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு அவனுடைய உளியை எடுத்தாள். தேர்வெழுதி உரிமமும் வாங்கினாள். ஆனால் வீடு கட்டத் தொடங்கும் முன் நடக்கும் மனைச் சடங்கு நாளில் மட்டும் கயிற்றுக்கு வெளியே நிற்பாள். நான்கு மூலையிலும் பச்சை மூங்கில் நட்டு, வைக்கோல் கயிறு கட்டி, நடுவே மணல் குவிப்பதெல்லாம் அவள்தான். வீட்டுக்காரர் அந்த மணலை மண்வெட்டியால் கொத்தியதும், கட்டுபவர் மண்வாரியால் மூன்று முறை குத்த வேண்டும். அதற்கு மட்டும் தன்னிடம் வேலை செய்யும் இவாவோவை அனுப்புவாள். பெண் தொட்டால் நிலத்துச் சாமிக்கு ஆகாதாம்.

அந்த ஏப்ரலில் கனெமாரு குடும்பத்தின் மனையில் சடங்கு. கட்டியவர் பெயரை எழுதி உத்தரத்தில் பதிக்கும் பலகையில் இவாவோவின் பெயர் போதும் என்று கனெமாரு கிழவர் காலையிலேயே சொல்லிவிட்டார். "சடங்குல நிக்கிறவன் பேருதானே வரணும்?"

கிழவரின் மகன் மண்வெட்டியால் கொத்தி முடித்ததும், "கட்டுறவங்க வாங்க" என்று பூசாரி கூப்பிட்டார். எழுந்த இவாவோவின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, ஹிசயே கயிற்றைத் தாண்டினாள்.

"ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா? பொம்பள கால் பட்டா சாமி கோவிச்சுக்கும்!" கிழவர் கத்தினார்.

"நேத்து இங்க நின்னு மணலைக் குவிச்சது நான்தான் ஐயா. அப்ப சாமி வெளியூர் போயிருந்துச்சா?"

இவாவோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"பூசாரி ஐயா, நீங்களாவது சொல்லுங்க!"

பூசாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதுல 'கட்டுறவர்'னுதான் இருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு போடல."

"அப்ப நான் வேற ஆளை வெச்சுக் கட்டிக்கிறேன்!"

"தாராளமாக் கட்டிக்குங்க. நான் கட்டினா என் பேருதான் பலகையில."

ஹிசயே மண்வாரியைப் பிடித்தாள். "எய்! எய்! எய்!" என்று குரல் கொடுத்துக் குத்தினாள். மூன்றாவது குத்தில் மணல் சரிந்தது. இடி விழவில்லை.

சடங்கு முடிவில் குடிக்கும் சாகே மதுக் கிண்ணத்தைத் தொடாமலே கிழவர் வெளியேறினார். மனைக்குச் சொந்தக்காரனான அவர் மகன் அசையவில்லை.

"பனி கொட்டினா இந்த வீட்டுக்குத் தன்னால வருவாரு. நீங்க கட்டுங்கம்மா. உங்க பேரையே எழுதுங்க."

அன்று மாலையே அவள் எழுதினாள், தடித்த மையில்.

நிலத்துக்கு ஆண் என்றும் பெண் என்றும் தெரியாது. தெரிந்ததாகச் சொல்பவர்கள் மனிதர்கள். உங்கள் தெருவிலும் கல் சுமந்து, கலவை குழைத்து, பூஜை நேரத்தில் ஒதுங்கி நிற்பவள் ஒருத்தி இருப்பாள். அவளை உள்ளே கூப்பிடுங்கள். கருவியை அவள் கையில் கொடுங்கள்.