ஐம்பத்து நான்கு கேள்விகளோடு பரளச்சிப் பக்கம்

மாசி இரண்டாம் வாரத்துப் புதன்கிழமை. காலை ஆறு பத்துக்கு மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். மடியில் இருந்த பையில் அறுபது படிவங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பத்து நான்கு கேள்விகள். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டில் எல்லோரும் ஒரு கிராமத்தில் நான்கு நாள் தங்கி வீடுவீடாக விவரம் எடுத்து வரவேண்டும். என்னோடு வரவேண்டிய தோழி முந்தின நாளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவள் பங்குப் படிவங்களையும் நான்தான் சுமந்துகொண்டிருந்தேன்.

அருப்புக்கோட்டையில் இறங்கி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, எட்டேகாலுக்குப் பரளச்சி போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இடம் கிடைக்கவில்லை, பூக்கூடைகளுக்கும் உரமூட்டைக்கும் நடுவே ஒற்றைக்காலில் நின்றேன். ஊர் முடிந்ததும் இரண்டு பக்கமும் கரிசல். எடுத்து முடித்த பருத்திக்காடு, எடுக்காத பருத்திக்காடு, அறுத்த மக்காச்சோளத் தட்டை, பிறகு சீமைக்கருவேலம். தண்ணீர் இல்லாத ஒரு கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்தன. எம்.ரெட்டியபட்டியில் பாதி பஸ் இறங்கியது. உட்கார்ந்த உடனே தூங்கிப்போனேன். பரளச்சியில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

அங்கிருந்து நான் போகவேண்டிய ஊர் இரண்டு கிலோமீட்டர். பஸ் இல்லை, நடைதான். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நான் நடந்துகொண்ட விதத்துக்கு ஊரின் பெயரை இழுப்பது நியாயமில்லை.

தங்க இடம் கொடுத்தவர் ஆரோக்கியம். அங்கன்வாடியில் வேலை, ஊரில் எல்லோருக்கும் 'டீச்சர்'. நாற்பது வயது இருக்கும். வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே எனக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் வேனில் வருகிறது, குடம் பன்னிரண்டு ரூபாய், ஆகவே கால் கழுவ அந்தக் குடத்தைத் தொடக்கூடாது என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் செய்தி.

பதினொரு மணிக்கு முதல் படிவத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். வீடுகள் பூட்டிக் கிடந்தன. நீளமான ஒரு தெரு, இரண்டு குறுக்குத் தெரு. மூன்றிலும் ஒரு கோழி, கட்டிப்போட்ட ஒரு கன்று, கட்டிலில் வாதம் வந்து படுத்திருந்த ஒருவர். பெண்கள் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். ஆண்களில் பாதிப்பேர் கருவேல விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் போயிருந்தார்கள். மீதிப்பேர் திருப்பூரில். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பெண்கள் திரும்பினார்கள். அடுப்பு பற்றவைத்துக்கொண்டே ஐந்து பேர் பதில் சொன்னார்கள். ஆறாவது அம்மா, "கை காலெல்லாம் விட்டுப்போச்சு மேடம், நாளைக்கு வாங்க" என்றார். எனக்கும் கால் விட்டுப் போயிருந்தது. முதல் நாள் கணக்கு ஐந்து படிவம்.

மறுநாள் வியாழன். காலை ஐந்தரைக்கே தெருவில் இறங்கிவிட்டேன். ஊரில் இருப்பது ஒரே மளிகைக்கடை. கடைக்காரர் அண்ணாச்சியிடம் பேனா வாங்கப் போனபோது, படிவத்தைக் கொஞ்சம் காட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தவர், முப்பத்தோராவது கேள்வியில் நின்றார். கூரை ஓடா, ஓலையா, தகரமா, கான்கிரீட்டா என்பது கேள்வி. மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் தெருவின் முகம் மாறிவிட்டது. முந்தின நாள் நாளைக்கு வரச்சொன்ன அம்மா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். காபி வந்தது. வேலைக்குக் கிளம்பின பெண்கள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், நம்பிக்கை வளர நாளாகும், பொறுமை வேண்டும் என்று. எனக்கு ஒரே காலையில் வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணி வாக்கில் ஒரு பெண் என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினாள். மூங்கில் கம்பு உளுத்துத் தொங்கியது. "நல்லாப் பாத்து எழுதுங்க மேடம். ஆறு மாசத்துல வந்துருமா?" என்றாள்.

என்ன வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வீடு கட்டிக்கொடுக்க எழுத வந்திருக்கிறார்கள் என்று அண்ணாச்சி கடையிலிருந்து பேச்சுக் கிளம்பியிருக்கிறது, அது எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. நான் பேனாவை எடுத்து 'ஓலை' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டேன். "எழுதிக்கிட்டேன்க்கா" என்றேன். பொய் இல்லை. எழுதிக்கொண்டேன்தான்.

அன்று பகல் மட்டும் இருபத்தாறு படிவம் முடிந்தது. வெயில், காபி, பேச்சு, மறுபடி வெயில். இருபதாவது வீட்டுக்குமேல் கேள்விகள் என் வாயிலிருந்து தானாகவே வந்தன. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தேனா என்று கேட்டால் இல்லை.

நாலு மணிக்குத் தெருவின் கடைசி வீடு, அன்றைக்கு இருபத்தேழாவது. பாண்டியம்மாள், வயது நாற்பத்தெட்டு. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகளைப் பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஐப்பசி மழையில் தெற்குச் சுவர் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார். காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் மேலத்தெருவில் ஆரம்பித்ததால் இவர் முறை கடைசியாக வந்தது. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் தயாராக இருந்தன.

"போன தடவ வீட்டுக்கு எழுத வந்தப்ப நான் பருத்திக்குப் போயிட்டேன் மேடம்," என்றார். "பொழுதடைய வந்து பாத்தா எழுதி முடிச்சுட்டுப் போயிட்டாகன்னு சொன்னாக. அதான் இந்தத் தடவ எங்கயும் போகல. நேத்து வேலைக்குப் போயிட்டு வரயில தாளும் கையுமா ஒங்களத் தெருவுல பாத்தேன். காலையில வேலைக்குக் கெளம்பல."

நாளைக்கு என்று கேட்டேன். மேலதிகாரி யாராவது பார்க்க வந்தால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டார். நாளைக்கும் போகப்போவதில்லை என்றார்.

ஐம்பத்து நான்கு கேள்விகளையும் அவரிடம் கேட்டு முடித்தேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இருட்டுவதற்கு முன் டீச்சரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. "நீ சனிக்கெழம போயிருவ. நான் இங்கதான இருக்கணும்? வீடு எங்க டீச்சருன்னு எங்கிட்டல்ல கேப்பாக," என்றார். பிறகு, பெண்கள் விடியற்காலையில் வேலைக்குப் போகும் வேனுக்கு நிற்கும் இடத்தில் சொன்னால் எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள், ஒருமுறை சொன்னால் போதும் என்றார். கூட வருவீர்களா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. ஊர் முக்கில் புளியமரத்தடியில் இருபத்தைந்து பெண்களுக்குமேல் பருத்திக்காட்டுக்குப் போகும் லோடு வேனுக்கு நின்றிருந்தார்கள். தலையில் துண்டு, இடுப்பில் பருத்தி போட மடிச்சேலை. சற்றுத் தள்ளி, வேலைக்குப் போகாத பாண்டியம்மாளும் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். படிவக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். இது கல்லூரிப் பாடத்துக்கு எழுதியது, வீடு வராது, நேற்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, தப்பு என்னுடையது. நாலு வாக்கியம்தான்.

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூரையைக் காட்டிய பெண் கேட்டாள்.

"அப்ப இதெல்லாம் ஒங்க மார்க்குக்கா?"

"ஆமாக்கா."

"எங்கூட்டுத் தாளக் குடுத்துருங்க."

தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்து ஒருவர் கேட்டார், அடுத்து இன்னொருவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெயரைச் சொன்னார்கள், நான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். சிலர் கேட்கவில்லை, அவர்களும் என்னைப் பார்க்கவில்லை. வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். முப்பத்திரண்டு படிவத்தில் என் கையில் பத்து மிஞ்சியது.

பாண்டியம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார். தன் தாளைக் கேட்கப்போகிறார் என்று கட்டைப் பிரித்தேன். அவர் கேட்டது வேறு.

"மனு எழுதத் தெரியுமா பாப்பா?"

நேற்றெல்லாம் 'மேடம்' என்றவர். அந்த ஒரு சொல்லில் நான் இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கினேன். அது நிம்மதியாகவும் இருந்தது.

தெரியும் என்றேன். அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து எழுதினேன். படிவத்தில் இருந்த விவரம் அத்தனையும் உதவியது. விழுந்த சுவரை என் கைப்பேசியில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தேன். எட்டு மணிக்கு இருவரும் பரளச்சிக்கு நடந்தோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எம்.ரெட்டியபட்டி, ஆளுக்கு இருபது ரூபாய். ஆட்டோவில் ஒன்பது பேர்; என் மடியில் யாருடைய பையோ இருந்தது. ரெட்டியபட்டியில் முக்கால் மணி நேரம் காத்திருந்து திருச்சுழி பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். ஒரு காட்டைத் தாண்டும்போது, வெடித்த பருத்தியை இப்படி விட்டுவைத்தால் காற்றில் போய்விடுமே என்றார்.

திருச்சுழியில் படங்களைப் பிரிண்டு போட்டு, கார்டுகளை ஜெராக்ஸ் எடுத்தோம். மனு வாங்கும் அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்தார்கள். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை வேப்பமர நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். எங்கள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மனுவை முழுக்கப் படித்தார். விட்டுப்போன வீட்டு எண்ணைத் தானே எழுதிச் சேர்த்தார். நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார். நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், அதன்பிறகுதான் மேற்கொண்டு எதுவும் சொல்லமுடியும் என்றார்.

பாண்டியம்மாள் கேட்டார்:

"எந்தக் கெழம வருவாக சார்?"

இளைஞர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தேதி சொல்லமுடியாதும்மா என்றார், மெதுவாக. அவரும் களைத்துத்தான் இருந்தார்.

வெளியே வந்து ஆளுக்கு ஒரு எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். நான் கொடுக்கப் போனபோது தடுத்து, தன் பங்கை அவரே கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். வெற்றிலையும் வெயிலும் கலந்த வாசம். என் தோள் மரத்துப்போயிற்று, அசையவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். டீச்சர் வாசல்வரை வந்தார். அங்கன்வாடிக்கு வந்த நாலைந்து அம்மாக்கள் முறையிட்டுவிட்டார்கள் என்றும், இன்னும் ஒரு வாரம் பேசுவார்கள் என்றும் சொன்னார். கோபம் குறைந்திருந்தது, போகவில்லை. பாண்டியம்மாள் வேலைக்குப் போயிருந்தார். மதுரையில் என் பேராசிரியர் பத்துப் படிவத்தையும், நடந்ததை எழுதியிருந்த மூன்று பக்கத்தையும் வாங்கிப் படித்தார். மாதிரி எண்ணிக்கை போதாது என்று மதிப்பெண் குறைத்தார். குறைக்க வேண்டியதுதான்.

சித்திரையில் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு விடுமுறைக்குப் போனேன். எங்கள் தெருவில் எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பகலில் வீட்டில் இருப்பார். விசிறியைச் சுழலவிட்டு, மோர் கொடுத்து, மற்ற வீட்டு விவரங்களைக்கூட அவரே சொல்லி அனுப்புவார். விட்டுப்போய்விடுவோமோ என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. பகலில் வீட்டில் இருப்பதும் ஒரு சொத்து என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஐம்பத்து நான்கு கேள்வியில் அது ஒன்றாக இல்லை.

அங்கே இருந்தபோதுதான் பாண்டியம்மாள் பேசினார், டீச்சர் கைப்பேசியிலிருந்து. இன்னும் யாரும் வரவில்லையாம். வரமாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. மிளகாய்ப்பழம் எடுக்க ஆள் கூப்பிடுகிறார்களாம், இன்னும் பத்து நாள் வேலை இருக்கும்.

"நான் போகவா பாப்பா, வீட்ல இருக்கவா?"

வேலைக்குப் போங்கக்கா என்றேன். பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள், யாராவது வந்தால் அவர்கள் உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பட்டும் என்றேன். அவர் சிரித்தார். என்னைக் குத்திச் சிரித்ததாகத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளையிடம் சிரிப்பதுபோலத்தான் இருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரியும் எங்கூடத்தான வாரா," என்றார்.

பகல் பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் யார் இருப்பார்கள் என்று முதல் நாளே நடந்து பார்த்தவள் நான். எனக்கே அது மறந்துபோயிருந்தது.